வராத பால்

ஓல் கலோவில் ஐந்து மணிக்கு உறைபனி;
புல்மேல் யாரோ உப்பைச் சிந்திவிட்டுப் போனதுபோல்.
என் மேசையில் பால்மானி, வெப்பமானி,
சாராயச் சோதனைக்கு ஒரு சின்னக் குப்பி.
எல்லாம் சங்கத்தின் சொத்து.
மூக்கு மட்டும் என்னுடையது,
அதற்குத் தனிச் சம்பளம் இல்லை.

ஜூனில் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டோம்:
இனி அளவுக்கு மட்டுமல்ல, தரத்துக்கும் காசு.
லிட்டருக்கு இரண்டு ஷில்லிங் கூடுதல்.
பத்து வீட்டுப் பால் ஒரே பெரிய கேனில் விழும்;
நைரோபியில் சோதிப்பது அந்தக் கேனைத்தான்.
ஒரு கை அழுக்கென்றால்
பத்து வீட்டுக் காசும் போச்சு.

கதோகோவின் பாலில் பால்மானி
இருபத்து மூன்றுவரை அமிழ்ந்தது.
"ராத்திரி மழை" என்றான்.
"உன் டப்பாவுக்குள் மட்டுமா?"
வரிசை சிரித்தது. அவனும்தான்.
பிளாஸ்டிக் டப்பாவை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு
கேள்வி கேட்காத தேநீர்க் கடைக்குப் போனான்.

திங்கள், செவ்வாய், புதன்:
ஞாகுதியின் பெயருக்கு நேரே மூன்று கோடுகள்.

வியாழனன்று வந்தாள்.
அவள் கேனில் என் முகம் தெரிந்தது.
செவலைக்கு மடி நோய்.
"ஊசி போட்டவர் மூன்று நாள் என்றார்."
பாலை?
"உருளைக்கிழங்குப் பாத்தியோரம் குழி வெட்டி ஊற்றினேன்."
கன்றுக்கு?
"அடுத்த வீட்டில் கடன் வாங்கினேன்."
நக்க வந்த நாயைக்கூடக் கல்லெறிந்து விரட்டினாளாம்.

"பெரிய கேனில் கலந்திருந்தால்
யாருக்குத் தெரியப்போகிறது?"
பின்னாலிருந்து ஒரு குரல்.
அவள் திரும்பவில்லை;
கேன் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்,
ஏற்கெனவே துடைத்த மூடியை.

ஒரு சோதனைப் பட்டையை எடுத்து
அவள் பாலில் நனைத்தேன்.
"என்னை நம்பவில்லையா?"
"உன்னை நம்புகிறேன்.
பட்டையை நம்பத்தான் எனக்கு உத்தரவு."
இரண்டு சிவப்புக் கோடுகள் எழும்வரை
நாங்கள் இருவரும் பனியைப் பார்த்தோம்.

மாதக் கடைசியில் பத்து வீட்டுக்கும் கூடுதல் கிடைத்தது.
அவளுக்கும்,
ஊற்றிய லிட்டருக்கு மட்டும்.
கதோகோ இரண்டு முறை எண்ணிப் பார்த்தான்.
அவள் சீட்டின்மேல் விரலை நகர்த்தினாள்:
கொழுப்பு, புரதம், கிருமி, மருந்து எச்சம்.
"குழியில் ஊற்றிய முப்பத்து மூன்று லிட்டர் எங்கே?"
அதற்குக் கட்டம் இல்லை என்றேன்.
ஓரத்தில் பென்சிலால் எழுதவா என்று கேட்க
வாய்வரை வந்தது.
எழுதி யாரிடம் காட்ட?

சீட்டை நான்காக மடித்துக்கொண்டு
கதவருகே நின்றாள்.
"அன்றைக்கு நனைத்தாயே, அந்தப் பட்டை,
ஒன்று என்ன விலை?"

தெரியாது என்றேன்.
தெரியும்.
அவளுடைய ஒரு வாரக் கூடுதல்.