அசையாத எண்

பேருந்து நிலையத்து நாணயமாற்றுக் கூண்டில்
குன்வால்டிஸுக்கு வேலையே இல்லை.
ஒரு யூரோவுக்குப் புள்ளி ஏழு பூஜ்யம் சொச்சம் லாட்.
கொக்கியில் தொங்கும் அந்த எண்களை
நான்கு வருடமாக அவன் தொட்டதில்லை.
ஏழின் முதுகில் தூசி.
பூஜ்யத்துக்குள் ஒரு சிலந்தி குடித்தனம்.

ரீகாவில் முளை அடித்து
லாட்டைக் கட்டிவைத்திருக்கிறார்கள்.
துளிர்க்கிற முளை அல்ல.
அது அசையக் கூடாதாம்.
எனவே மற்றதெல்லாம் அசைந்தது.

ஜூனில் சுற்றறிக்கை வந்தது.
மருத்துவமனைக் கணக்கர் நான்.
நூற்றுக்கு இருபது குறைக்க
ஒரு கட்டத்தில் எழுதிக் கீழே இழுத்தால் போதும்:
தாதி வெல்கா, ஓட்டுநர் யாஸெப்ஸ்,
சலவை அறை ஸ்கைட்ரீதே
வரிசையாகத் தலை குனிந்தார்கள்.
என் பெயர் பதினேழாவது.
அங்கே மட்டும் விரல் கொஞ்சம் நின்றது.
பொய் சொல்வானேன், நின்றது.

தங்கை மாருதா ஐஸ்லாந்தில் மீன் அறுக்கிறாள்.
அங்கே முளை கிடையாது.
போன இலையுதிர்காலத்தில் குரோனா
அடுப்பில் வைத்த வெண்ணெய்போல் பாதியானது.
'என் சம்பளத்தில் யாரும் கை வைக்கவில்லை அக்கா,
ஆப்பிள் விலையைத்தான் கேட்க முடியவில்லை'
என்றாள் தொலைபேசியில்.
பின்னால் ஆலை இரைந்தது.
இரண்டு ஷிஃப்டாம். மீன் மலிவென்று
கப்பல்கள் காத்து நிற்கின்றனவாம்.
அவள் அனுப்பும் பணம் மட்டும்
பாதி உடம்போடு வீடு வந்து சேர்கிறது.

எவளுக்கு வலி குறைவு என்று
இருவரும் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டோம்.
அழைப்புக்குக் காசு ஏறுகிறது என்று வைத்துவிட்டாள்.

செப்டம்பரில் பிரசவ வார்டை மூடினார்கள்.
இனிப் பிள்ளை பெற அறுபது கிலோமீட்டர்.
கடைசித் தொட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து
வெல்கா கேட்டாள்: 'இதற்கு என்ன போடுவாய்?'
தேய்மானம் போக நான்கு லாட் என்றேன்.
லாட் காசில் ஒரு சால்மன் துள்ளிக்கொண்டிருக்கும்.
'நான்கு மீன்' என்று சிரித்தாள்.
ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.
எண்ணெய் வாங்கும் செலவினத்தை
ஜூலையிலேயே அடித்திருந்தேன்.

வயிற்றைக் கட்டினால் நாடு மலிவாகும்,
மலிவானால் வாங்க வருவார்கள் என்றார்கள்.
வந்தார்கள்.
டப்ளினிலிருந்து ஒரு முதியோர் இல்லத்தின் முகவர்
எங்கள் உணவுக்கூடத்திலேயே மேசை போட்டு
தாதிகளை எழுதிக்கொண்டு போனார்.

நவம்பர், காலை ஐந்து மணி, பனி.
பேருந்து ஏறுமுன் வெல்கா
தன் லாட் எல்லாவற்றையும் கூண்டுக்குள் நீட்டினாள்.
குன்வால்டிஸ் நாக்கில் விரல் தொட்டு
இரண்டு முறை எண்ணிக் கொடுத்தான்.

ஒரு சென்ட் பிசகவில்லை.