மூன்றாவது படி

கை கழுவுதல் என்றால்
பதினோரு படிகள் என்று எழுதிக் கொடுத்தேன்.
ஒன்று: குழாயருகே வருதல்.
இரண்டு: திறத்தல்.
மூன்று: இரு கைகளையும் நீரில் நனைத்தல்.
நான்காவதில்தான் சோப்பு.
முப்பத்தொரு வருடம் கை கழுவியிருக்கிறேன்,
ஒரு படியும் தெரியாமல்.

ஜவுளிக் கடையில் ஏழு வருடம் பில் போட்டவள்.
கூடப் படிக்கிறவர்களுக்கு இருபது வயது.
அக்கா என்று கூப்பிட்டு
என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவார்கள்.
கட்டம் போடுவது எனக்குப் பழக்கம்.
மேலே தேதி, ஓரத்தில் படி,
கட்டத்துக்குள் ஓர் எழுத்து:
கைபிடித்துச் செய்தால் 'கை',
சைகைக்குச் செய்தால் 'சை',
சொன்ன பிறகு செய்தால் 'சொ',
தானாகச் செய்தால் 'தா'.
ஐந்து முறையில் நான்கு 'தா' வந்தால்
அடுத்த படிக்குப் போகலாம்.
தா, தா என்று
தினமும் கேட்டுக்கொண்டிருந்தது நோட்டு.

தஸ்வினுக்கு ஆறு வயது.
அம்மாப்பேட்டை மையத்தில் ஜன்னலோரம் உட்காருவான்.
ஏற்காட்டு மலையைப் பார்க்கிறான் என்று
முதல் வாரம் எழுதியிருக்கிறேன்.
அவன் பார்த்தது ஜன்னல் கம்பியில் உரிந்த பெயிண்ட்டை.
பேச்சு இல்லை. 'ம்' உண்டு,
அதில் ஏழெட்டு வகை.

ஒன்று: வருவான். தா.
இரண்டு: திறப்பான். தா.
மூன்றில், நான் மணிக்கட்டைத் தொடுவதற்குள்
மூடிவிடுவான்.
மறுபடி திறப்பேன். மூடுவான்.
திறப்பேன்.
மூடிவிட்டு, குழாயின் வாயை
உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நிற்பான்.

பதினான்கு நாள்.
'நீர் படுவதில் உணர்வுச் சிக்கல் இருக்கலாம்' என்று எழுதினேன்.
மறுநாள், 'ஒத்துழைப்பு இல்லை.'
இரண்டுக்கும்
சிவப்பு மையில் டிக் விழுந்தது.

வீட்டைப் பார்வையிடுதல், பத்து மதிப்பெண்.
பனங்காட்டுக்கு டவுன் பஸ்.
அவன் அம்மா பூங்கோதை
மடியில் தட்டை வைத்து
கொலுசுக்கு மணி கோத்தபடியே பேசினாள்.
முனைக் கடையிலிருந்து தட்டுவடை செட் வந்தது.
சாப்பிட்டேன். விரலெல்லாம் சட்னி.
கை கழுவ எழுந்தேன்.

வெளியே ஒரு நீல டிரம்.
மேலே மூடி. மூடிமேல் கல்.
"தண்ணி விட்டு ஒம்பது நாளாச்சுங்க மேடம்.
வர்ற அன்னைக்குக் குழாய்க்கு இவன்தான் காவல்.
கொடம் நெறஞ்சா மூடுவான்,
அடுத்த கொடம் வெச்சாத்தான் தொறப்பான்.
ஒரு சொட்டு சிந்த விடமாட்டான்."

தஸ்வின் கல்லை இறக்கினான்.
மூடியை நகர்த்தினான்.
சொம்பில் பாதி மொண்டு
என் கையில் ஊற்றினான், நூல் மாதிரி.
நிறுத்தினான்.
நான் தேய்த்து முடிக்கும்வரை நின்றான்.
மிச்சத்தை ஊற்றினான்.
மூடினான். கல்லை வைத்தான்.

யாரும் கைபிடிக்கவில்லை. யாரும் சொல்லவில்லை.
திரும்பும் பஸ்ஸில் விரல் விட்டு எண்ணினேன்:
எட்டுப் படிகள்.
ஒன்றுகூட என் நோட்டில் இல்லை.

இரவு அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன்.
ரெக்கார்டு நோட்டில் கிழிக்கக் கூடாது,
பக்கங்களுக்கு எண் உண்டு.
குறுக்கே கோடு போட்டேன்.
திங்கட்கிழமை ஒரு வாளியும் சொம்புமாக
பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன்.
கண்டக்டர் லக்கேஜ் கேட்டார்.

வாளி வந்த பிறகு
மூன்றாவது படியில் வரிசையாகத் 'தா'.
நான்காவதில் சோப்பு.
அதைத் தொட மாட்டேன் என்கிறான்.
பச்சை, ரோஸ், அழுத்தினால் நுரை வருவது,
எல்லாவற்றுக்கும் ஒரே 'ம்'.
ஒன்பது நாளாகக் கட்டங்களில்
கை, கை, கை.
அடுத்த வாரம் வைவா.

அந்த 'ம்' எந்த வகை என்று பிடிபடவில்லை.
இன்று பதிலுக்கு நானும் ஒரு 'ம்' சொன்னேன்.
ஜன்னல் கம்பியிலிருந்து கண்ணை எடுத்து
என் உச்சரிப்பு சரியில்லை என்பதுபோல்
பார்த்தான்.