இதர செலவு

கணவன் பேரை வாயால் சொல்லக்கூடாத வீட்டில் பிறந்து
"சேவுகப்பெருமாள், சோறு ஆறுது" என்று
தெருவுக்கே கேட்கக் கூப்பிடுகிறவள் நான்.
அந்தக் கம்பெனி பேரை மட்டும்
இன்றுவரை சொன்னதில்லை.
உங்க ஆளு என்பேன்.
உங்க ஆளுக்கு ஆயில் மாத்தணுமாம்.
உங்க ஆளு விலையை ஏத்திட்டானாம், பேப்பரில் கிடக்கு.

இருபத்தோரு வருஷம், மூன்று வண்டி.
முதல் வண்டிக்கு என் இரட்டைவடச் சங்கிலி போனது.
இரண்டாவதற்கு முதல் வண்டி போனது.
மூன்றாவது வந்த அன்று
புதுவயல் ரைஸ்மில் வாசலில் எலுமிச்சை நசுங்க
டயர் உருண்டபோது அவர் முகத்தில் இருந்ததை
எங்கள் கல்யாண ஆல்பத்தில் தேடிப் பார்த்தேன்.
போட்டோக்காரன் சரியில்லை என்று வைத்துக்கொண்டேன்.

உமி லோடு. கண்டனூர், சாக்கோட்டை,
சில நாள் அறந்தாங்கி வரைக்கும்.
உமிக்கு எடை கிடையாது, உயரம்தான்.
எதிர்காற்றில் அந்த உயரத்தை இழுத்துப் போய்
வண்டி எங்காவது நின்றுவிட்டால்
ரோடு சரியில்லை என்பார்,
டீசலில் தண்ணி என்பார்,
என் கால் சரியில்லை என்பார்.
கம்பெனி மேல் ஒருநாளும் குற்றமில்லை.

என் தம்பியோடு அவருக்குப் பேச்சு நின்று நாலு வருஷம்.
சொத்துத் தகராறு என்று ஊர் நினைக்கிறது.
தம்பி வேறு கம்பெனி வண்டி வாங்கினான்,
அவ்வளவுதான் நடந்தது.

"உங்க ஆளுக்கு உங்களைத் தெரியுமா?"
ஒரு ராத்திரி கேட்டே விட்டேன்.
"தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புறானே" என்று போனை நீட்டினார்.
அன்புள்ள திரு. செல்வப்பெருமாள் என்றிருந்தது.
ஆமாம், அனுப்பியிருக்கான் என்று திருப்பிக் கொடுத்தேன்.

போன மாசியில் முழங்கால் நிஜமாகவே போனது.
கிளட்ச் மிதிக்காதீங்க என்ற டாக்டரிடம்
அந்தக் கிளட்ச் எவ்வளவு மிருது என்று
கால் மணி நேரம் விளக்கினார்.
பிறகு நான் வற்றிய கண்மாய்க்குள் ஓட்டிப் பழகினேன்.
பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு
இஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார்.
நான் தப்பாக கியர் போட்டபோதெல்லாம்
வலித்தது அவருக்கு.

பழைய வண்டி இனி எஃப்.சி. தாண்டாது என்று ஆனதும்
"கடன் என் பேரில், வண்டி என் இஷ்டம்" என்றேன்.
"சரி" என்றார்.
இரண்டு நாள் குழம்புக்கு உப்புக்கூடக் கேட்கவில்லை.

காரைக்குடி ஷோரூம். தம்பி வாங்கிய கம்பெனிதான்.
ஏசி, ஜூஸ், மேடம், மேடம்.
வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை,
சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல வண்டி.
ஒரு சுற்று ஓட்டிவந்து
பின்னால் எடுத்து நிறுத்தப் போனேன்.
கை தானாக இடது ஓரம் மேலே போனது.
அங்கே ரிவர்ஸ் இல்லை, ஃபர்ஸ்ட் இருந்தது.
வண்டி முன்னால் பாய்ந்து
சிரித்துக்கொண்டு நின்ற பேனரைச் சாய்த்தது.

"பழகிடும் மேடம், ஒரு வாரம் போதும்" என்றான் பையன்.
எனக்குப் போதும்.
மூன்றே மாதத்துக் கை என்னுடையது,
அதற்கே இப்படி.
கால் சரியாகி ஒருநாள் அவர் ஏறி உட்கார்ந்து
பின்னால் எடுக்க நினைத்தால்
அந்த இருபத்தோரு வருஷம் எங்கே போய் இடிக்கும்?

ரோட்டைத் தாண்டி எதிர் ஷோரூமுக்குப் போனேன்.
"இந்தக் கம்பெனியில இதுதான் முதல் வண்டியா மேடம்?"
ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் சாவியைப் பார்த்தார்.
சாவியில் இருந்த முத்திரையைப் பார்த்தார்.
"ஏன்?"
"தவணை மாசம் ஐந்நூறு கம்மி, வேறென்ன?"
கணக்குப் பார்க்கிறவள் சொன்னால்
மறுபேச்சு கிடையாது எங்கள் வீட்டில்.

ஐந்நூறு கூடுதல்.
மாதாமாதம் அதை
இதர செலவு என்று எழுதுகிறேன்.
இன்னும் ஐம்பத்தேழு மாதம் இருக்கிறது.