ஆட்டுக் கொட்டகையின் கூரை

எங்கள் ஆட்டுக் கொட்டகைக்கு
ராக்கெட்டின் தோல்தான் கூரை.
காசு கொடுத்து வாங்கியதல்ல, விழுந்தது.
ஸ்தெப்பியில் எங்கள் பக்கம் அப்படித்தான்:
மற்ற ஊர்களுக்கு மழை, பனி.
எங்களுக்கு மழை, பனி, முதல் அடுக்கு.

அக்கா ஷோல்பானுக்கு வயது பதினைந்து.
கசாக்கில் அந்தப் பெயர் வெள்ளிக் கோளைக் குறிக்கும்.
கோளின் பெயரை வைத்தால் வாய் ஓயாது என்று
அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை போல.

அவளுடைய இயற்கணித நோட்டில்
முன்பக்கமிருந்து கணக்கு வரும்,
பின்பக்கமிருந்து கேள்வி வரும்.
இரண்டும் முட்டிக்கொள்ள
இன்னும் பத்துப் பக்கம் பாக்கி.

தூக்கமே தேவைப்படாத மாத்திரை வந்தால்
மிச்சமாகும் எட்டு மணி நேரம்
யார் கணக்கில் சேரும்?
அப்பாவுக்கா, அப்பாவின் சுரங்கத்துக்கா?

செவ்வாயில் பிறக்கும் பிள்ளைக்கு
இங்கே வந்து நின்றால் எலும்பு தாங்காது.
அப்படியானால் பூமி அதற்குச் சொந்த ஊரா,
சொல்லக் கேட்ட ஊரா?

நாயின் கனவை எந்திரம் படித்துவிட்டால்
எங்கள் அக்தோஸ்
எங்களைப் பற்றி என்ன சாட்சி சொல்லும்?
இதை எழுதியபின் ஒரு வாரம்
எலும்பில் கொஞ்சம் கறி விட்டே போட்டாள்.

விளக்கணைந்த பிறகு சோதனைக்கூடம் நான்தான்.
"டேய், உன்னைப் போலவே இன்னொருவனைச் செய்து
உன் நினைவையெல்லாம் அவனுக்குள் ஊற்றிவிட்டால்
நாளைக்குச் சாணம் அள்ளும் முறை யாருடையது?"
"அவனுடையது," என்றேன், கண் திறக்காமல்.
"அவனும் அதையேதான் சொல்வான்."
அன்றிரவு முழுக்க நான் தூங்கவில்லை,
மாத்திரை எதுவும் இல்லாமலே.

மார்ச்சில் ஒன்று விழுந்தது.
முதலில் வெளிச்சம்.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஜன்னல்களுக்குப் பல் கிட்டியது.
விடிந்து பார்த்தால் பனியில் மஞ்சள் கறை,
வேலிக்கு அப்பால் எங்கள் சினைக்குதிரை,
அதன் காலடியில்
எழுந்து நிற்காத ஈரம்.

மூன்றாம் நாள் அதிகாரி வந்தார்,
ஜக்சிபெக்கோவ் என்று அட்டை குத்தியிருந்தது.
செத்த ஆடு எத்தனை, எரிந்த வைக்கோல் எவ்வளவு,
கட்டிடச் சேதம் உண்டா இல்லையா.
அம்மா பால் தேநீர் ஊற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.
பிறக்காத குட்டிக்குக் கட்டம் இல்லை.

அக்கா வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இந்தச் சிவப்புக் கோட்டுக்குள்
என்ன எழுதியிருக்கிறது?"
அவர் வாசித்தார்:
"மனித நடமாட்டம் இல்லாத பகுதி."
"சரி, அப்படியானால்
இங்கே கையெழுத்துப் போடப்போவது யார்?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார்.
கிண்ணத்தில் ஆடை படிந்தது.
அம்மா அவள் காலை மேசைக்கடியில் மிதித்தாள்,
ஆனால், நான் பார்த்தேன், மெதுவாகத்தான்.
கடைசியில் அவர் 'இதர' என்ற வரியில்
ஏதோ எழுதிக்கொண்டு போனார்.
என்னவென்று இன்றுவரை தெரியாது.

இனி ராக்கெட் என்றாலே முகம் திருப்புவாள்
என்று நினைத்தேன்.
ஏப்ரலில் அடுத்தது ஏறிய இரவு
அப்பாவின் பூட்ஸில் கால் நுழைத்து
எனக்கு முன்னால் ஓடினாள்.
வாய் பிளந்து நின்றாள்.
"கோபமா இருக்குடா," என்றாள்,
கண்ணை எடுக்காமல்.
"எவ்வளவு அழகா இருக்கு," என்றாள்,
அதே மூச்சில்.
ஊற்றி வைத்த நினைவோடு
இரண்டு ஷோல்பான்கள் நின்றார்கள்.
சாணம் அள்ளும் முறை யாருடையது என்று
நான் கேட்கவில்லை.

தீப்பொட்டு சுருங்கிச் சுருங்கி
மற்ற நட்சத்திரங்களோடு கலந்தபோது
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"ஒருநாள் நான் அதில் போனால்
என் முதல் அடுக்கு எங்கே விழ வேண்டும்?"

நான் நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்:
கொட்டகையின் கிழக்குப் பக்கம்
இன்னும் கூரை போடவில்லை.

அவள் சிரிக்கவில்லை.
உள்ளே போய் நோட்டை எடுத்தாள்.
எந்தப் பக்கமிருந்து திறந்தாள் என்பதை
இருட்டில் நான் பார்க்கவில்லை.