இரண்டு முனை

ஜெலுத்தோங் அஞ்சலகத்தில்
"இசி அபா?" என்கிறார் முகப்புப் பெண்.
உள்ளே என்ன.
"பெசி" என்கிறேன். இரும்பு.
வேறெப்படிச் சொல்வது,
பழைய கேமராவின் கண்ணைக் கழற்ற
இரண்டு கூர்முனை வைத்த ஸ்பேனர் என்று,
பின்னால் வரிசை நிற்கும்போது.

நான்கு வருடத்தில் இது
என் மேசையில் கிடந்ததைவிட
தபால் மூட்டையில் கிடந்ததே அதிகம்.
மூவார் ரோஸ்லி. கூச்சிங் அந்தோணி லியாவ்.
தைப்பிங் சவரிமுத்து.
முகம் தெரியாது. கையெழுத்து தெரியும்.
சவரிமுத்து ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவார்.
ரோஸ்லி ஒட்டிய பெட்டியைப் பிரிக்கத்
தனியாக ஓர் ஆயுதம் வேண்டும்.

விதி ஒன்றே என்று ஆரம்பித்தோம்,
மூன்றாகிவிட்டது:
போகும் செலவு கேட்டவருக்கு.
திரும்பும் செலவும் அவருக்கே.
உடைந்தால் மறைக்கக் கூடாது.

போன மாதம் கூச்சிங்கிலிருந்து திரும்பியது,
மூன்கேக் டப்பாவில்,
குழந்தையின் ஒற்றைக் காலுறைக்குள் படுத்து.
விளக்கில் பிடித்தேன். முனைகள்
மயிரிழை மெலிந்திருந்தன.
மலாயில் ஒரு சீட்டு:
வழுக்கியது, கொஞ்சம் அராவினேன், மாஃப்.

என் பொருளில் அரம் வைக்க நீ யார் என்று
மூன்று பக்கம் எழுதினேன்.
அனுப்பத் தபால்தலை இல்லை.
மழை. கீழே விரைவுச்சாலையில் லாரிகள்.
தூக்கம் வராமல் எடுத்தேன்
இரண்டு வருடமாய்த் திறக்க மறுத்த
அந்த ஜெர்மன் லென்ஸை.
குறுகிய பள்ளம். விளிம்பில்
நானே போட்ட கீறல்.

முனை இறங்கியது.
கால் சுற்று.
இன்னொரு கால்.
உள்ளே பினாங்கின் ஈரம் முழுக்கப்
பூஞ்சையாய்ப் பூத்திருந்தது,
யாரோ மூச்சுவிட்டுத் துடைக்க மறந்த மாதிரி.
விடிய விடியத் துடைத்தேன்.

இப்போது சவரிமுத்து கேட்டிருக்கிறார்.
அவருடையது அகலப் பள்ளம்.
மூன்றாம் பக்கத்தின் முதுகில் எழுதினேன்:
'முனை மெலிந்துவிட்டது.
பித்தளைத் தகடு ஒரு துண்டு வைத்திருக்கிறேன்,
இடுக்கில் செருகிக்கொள்ளுங்கள்.'
முன்பக்கத்தையும் படிப்பார்.
படிக்கட்டும்.

ஏழு வெள்ளி இருபது காசு.
சிவப்பு ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு
உடையுமா என்கிறார் முகப்புப் பெண்.
உடையாது, தேயும்.
அதற்கு அவரிடம் ஸ்டிக்கர் இல்லை.