அங்க அடையாளங்கள்

ஐந்தே முக்கால்.
முகத்துவாரத்துத் தூண்டில் வளைவில்
கடைசிக் கல்லுக்கு முந்தின கல் என்னுடையது.
கடைசிக் கல் பாசி.
போன மாதம் அதில் வழுக்கித்தான்
ஹபிபுல்லா மூக்குக் கண்ணாடியைக்
கடலுக்குக் கொடுத்தான்.

தவணையில் வாங்கிய ராடு,
நான்கு மாதம் பாக்கி.
இரண்டு வருடத்தில் கிழங்கான், கெளுத்தி,
ஊதிப் பெருத்த பேத்தைகள் எண்ணிக்கையில்லாமல்,
ஒரே ஒரு கொடுவா.

அது இழுத்தபோது
கொடுவா என்றால் குதித்திருக்கும்.
பாறை என்றால் நூலைக் கல்லிடுக்குக்குக் கொண்டுபோயிருக்கும்.
இது
இருட்டில் மாடிப்படி இறங்குகிறவனைப் போல
ஒரு படி இறங்கி
நின்று
இன்னொரு படி இறங்கியது.

மேலே வந்ததைப் பார்த்து
இருவரும் பேசவில்லை கொஞ்ச நேரம்.

முழ நீளம். முதுகில் செம்புக் குடத்தின் உள்பக்க நிறம்.
கண்ணிலிருந்து சாய்வாக மூன்று நீலக் கோடுகள்,
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
இரண்டாகி
ஒன்றாகி.
வாலடியில் மைப் பேனா ஊன்றி எடுத்த மாதிரி
ஒரு கரும்பொட்டு. அது மட்டும் போகவில்லை.

"சங்கரா ஜாதி."
"சங்கரா சிவப்புல்ல?"
"அப்ப செப்பலி. பொட்டு இருக்கு பார்."
"செப்பலிக்குப் பொட்டு இடுப்புல ஹபி."
"இதுக்கு எறங்கிடுச்சு போல."

முதுகு முள்ளை எண்ணினோம்.
எனக்குப் பதினொன்று, அவனுக்குப் பன்னிரண்டு.
மறுபடி எண்ணப் போனால்
துடுப்பை மடக்கிக்கொண்டது.
பிரித்தேன்.
கட்டைவிரலில் ஏறியது பதினொன்றோ பன்னிரண்டோ.

துறைமுகத்துக்குள் திரும்பிய பைபர் படகுக்குத்
தூக்கிக் காட்டிக் கத்தினேன்:
"அண்ணே, என்ன மீனு?"
எஞ்சின் சத்தத்துக்கு மேலே பதில் வந்தது:
"தெரியாதுங்க! விக்கிறீங்களா?"

ஏலத்துக்குக் கூடையோடு போன அஞ்சலாட்சி
கல் மேல் ஏறி வந்து, குனிந்து,
வயிற்றை ஒரு விரலால் அழுத்தினார்.
"எங்க சோனாங்குப்பத்துல ஒரு பேரு.
ஆத்துக்கு அந்தாண்ட வேற பேரு.
ரெண்டும் கெட்ட வார்த்த,
உங்களாண்ட சொல்ல முடியாது.
கொழம்புக்கு ஆவும்."
என் விரலைப் பார்த்தார்.
"குத்திடுச்சா? சூடு தாங்குற அளவு
வெந்நீர்ல வைய்யி."
போய்விட்டார்.

நான் மஞ்சக்குப்பத்துப் பள்ளியில்
மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறவன்.
பதினாறு வருடம்.
அங்க அடையாளங்கள் என்று ஒரு கட்டம்.
அதில் ஒன்று, இரண்டு என்று இரண்டு கோடு.
கையை நீட்டு என்பேன், நீட்டுவார்கள்.
மச்சமே இல்லாத பையனுக்கு
மணி அடிக்கப் போகிறதென்று
வலது முழங்கையில் ஒன்று வைத்து அனுப்பியிருக்கிறேன்.
அவன் இன்று எந்த ஊரில்
எந்த அதிகாரியிடம்
சட்டைக் கையை மடித்துக் காட்டித் தேடுகிறானோ.

ஈரத் துணியில் கிடந்தது மீன்.
செவுள் திறந்து மூடுவதற்கு நடுவே
நேரம் கூடிக்கொண்டே வந்தது.
நாங்கள் இன்னும் வாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்,
கவையா, வட்டமா.

"டேய், செத்துரும்டா" என்றான் ஹபிபுல்லா.

படம் ஒன்று எடுத்தேன்.
பிறகு முழங்கால் நனைய இறங்கி
அலைக்கு எதிராக அதன் முகத்தைப் பிடித்தேன்.
ஒரு நிமிடம் என் கையில் சும்மா இருந்தது.
பிறகு கை மட்டும் இருந்தது.

ராத்திரி வெந்நீரில் விரலை வைத்துக்கொண்டு
இடது கையால் படத்தைப் பெரிதாக்கினேன்.
நீலக் கோடு கடைசி ஒன்றும் போய்விட்டிருக்கிறது.
முதுகு முள் மடங்கியிருக்கிறது.
பொட்டு இருந்த இடத்தில்
என் கட்டைவிரல், வீங்கி.

ஹபிபுல்லா பதினொரு மணிக்குக் கூப்பிட்டான்.
"பன்னெண்டுதான்டா, நல்லா ஞாபகம் இருக்கு."

பெயர் எழுதும் இடத்தை விட்டுவிட்டு
பழக்க தோஷத்தில் கீழே போனேன்.

ஒன்று: வாலடியில் கரும்பொட்டு.
இரண்டு: இடது உதட்டில் ஒரு துளை.

இரண்டாவது
நான் போட்டது.