வண்டியோடு சேர்த்துத் தருகிறேன்

சாவி இரண்டு. ஒன்று கதவுக்கு.
மற்றது எதற்கென்று ஆறு வருடமாகத் தெரியவில்லை,
ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள்.
மூன்றாம் கியர் மழையில் அடம்பிடிக்கும்.
ஹீட்டர் ஓடினால் கேசட் ஓடாது.
பாகியா பிளாங்கா முதல் ரியோ காயெகோஸ் வரை
நாலு பேர் இதில் தூங்கியிருக்கிறோம்
தலைமாடு கால்மாடாக,
நடுவில் காஸ்தோனின் பெரிய டிரம்.

விலையை நேற்றே பேசி முடித்தாயிற்று.
இது விலையில் சேராதது.

எந்த ஊரானாலும் காற்றைப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள்.
முதுகு காட்டி நிறுத்தினால்
திறந்த கணத்தில் கதவு உங்களுடையது அல்ல.
(இடப்பக்கக் கதவு மட்டும் பச்சையாய் இருப்பது அதனால்தான்.)

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளலாம்தான்.
படகோனியாவில் காற்றில்லாத போது எது?
மேற்கு பார்த்த சுவரில் போஸ்டர் ஒட்டாதீர்கள்.
மாவுப் பசையில் ஒரு கை சர்க்கரை போடுங்கள்.
உங்கள் பெயரைப் பெரிதாக எழுதுங்கள்,
தேதியைவிட, மதுக்கடையின் பெயரைவிட.
மைதேனா கூச்சப்பட்டு
எங்கள் பெயரை அடியில் எறும்பு வரிசையாக எழுதினாள்.
அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

சுயதம்பட்டம் என்று முகம் சுளிப்பார்கள்.
ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் அடித்த கை
தனக்கென்று ஒரு முறை அடித்தால் என்ன?

ட்ரெலேயூவில் காலை ஆறு மணிக்கு
வானொலியில் கம்பளி விலை சொல்வார் ஒருவர்.
ஒரு டஜன் மெதியாலூனாவோடு போய் நில்லுங்கள்.
கம்பளிக்கும் வானிலைக்கும் நடுவே
உங்கள் பாட்டு இரண்டு நிமிடம் ஓடும்.
அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள்
நிஜமாகவே கேட்கிறார்கள்.

வாசல் வசூலில் எழுபது சதவீதம் என்றால்
எதைக் கழித்த பிறகு என்று கேளுங்கள்.
பாடும் முன்பே கேளுங்கள்.
ஒலிக்காரரின் பெயரையும்.
கோமதோரோவில் அவர் பெயர் எலிசெயோ.
நாங்கள் "மாஸ்டர்" என்றே கூப்பிட்டோம்.
அன்றிரவு பாஸ் கிட்டார் ஒருவர் காதிலும் விழவில்லை.
பாஸ் வாசித்தது நான்.

கலேதா ஒலிவியாவில் ஒரே ஒருவர் வந்தார்.
பெட்ரோல் பங்கு சட்டையோடு,
கையில் நாலாக மடித்த எங்கள் போஸ்டர்.
காற்று பிய்த்துக்கொண்டு போய்
அவருடைய வேலியில் மாட்டியதாம்.
அடிப்பாதி கிழிந்துபோயிருந்தது, எங்கள் பெயரோடு.
மிச்சம் இருந்தது "இன்றிரவு ஒன்பது மணி".
பிங்கோ என்று நினைத்து
முப்பது கிலோமீட்டர் ஓட்டி வந்திருக்கிறார்.

காஸ்தோன் என்னைப் பார்த்தான்.
மதுக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.
பதினான்கு பாட்டும் வாசித்தோம்.
எட்டாவதில் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்,
அது எதற்கென்று எனக்கு இன்றும் தெரியாது.
முடிந்ததும் கேட்டார்:
"அப்படியானால், பரிசு கிடையாதா?"
பிறகு யாரும் வாங்காத பெரிய அளவில்
இரண்டு பனியன் வாங்கினார்.
ஒரு பனியனுக்குக் காசு வாங்க மாட்டோம் என்றாள் மைதேனா.
இரண்டுக்கும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஏன் பிரிந்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.
அதில் வண்டியின் தவறு ஒன்றுமில்லை.

டேஷ்போர்டில் ஒரு நோட்டு இருக்கிறது.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஊரும் முகவரியும்,
அவரவர் கையெழுத்தில், சிலது பீர் கறையில்.
எடுத்து வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன்.
இருக்கட்டும்.
எழுதினால் ஒரே ஒரு முறை எழுதுங்கள்,
நாங்கள் கலைந்ததைச் சொல்ல வேண்டாம்,
பச்சைக் கதவு வண்டி மறுபடி வருகிறது என்று போதும்.

சீட்டுக்கு அடியில் டிரம் குச்சி கிடைத்தால்
திருப்பி அனுப்பாதீர்கள்.

பெட்ரோல் கால் டேங்க் இருக்கிறது.
முள் முக்கால் காட்டும்.
நம்பாதீர்கள்.